விட்டம் சரி, வட்டம் சரியா?

நம் பேரவை நிகழ்ச்சிகளுக்கு வரும்போதெல்லாம் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, இங்கே படிக்கிறதெல்லாம் வேலைக்குப் போனா உதவுமா?" என்பதே அது. உதவும் என்று ஒரே சொல்லில் பதில் கூறிவிடலாம். ஆனால், அந்தப் பதிலால் எவருக்கும் பயனில்லை. ஆகவே, வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் நான் செய்த ஒரு தவற்றையும் அது எனக்குக் கற்றுக்கொடுத்ததையும் இம்மலரில் எழுத முன்வந்தேன். பொறியியல் படிக்காதவர்களும் இதைப் படிக்கலாம். இடைநிலைப்பள்ளிக் கணிதத்தில் வட்டத்தை வரைந்தவர்களுக்கு இக்கட்டுரை புரியும்.

அதிர்வடக்கியும் அதன் தண்டும்

நான் பணியாற்றியது ஷா ஆலாமில் உள்ள ஒரு தொழிற்சாலை. காடிகளுக்கான அதிர்வடக்கிகளைப் பொருத்தித் தருவது அதன் தொழில். பட்டறைகளில் 'அப்சோர்பர்' என்று சொல்கிறோமே, அதுதான் அதிர்வடக்கி. 1985-இல் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்த பிறகும், 1993-இல் பெரோடுவா தொடங்கப்பட்ட பிறகும் சிலாங்கூரில் பெருகிய உதிரிபாகத் தொழிலின் ஒரு சிறு கண்ணி நாங்கள்.

வண்டியின் எடையைத் தாங்குவது சுருள்வில். ஆனால், வில் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டி நெடுநேரம் குதித்துக்கொண்டே போகும். அந்தக் குதிப்பை அடக்குவது அதிர்வடக்கி. ஓர் உருளைக்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனோடு இணைந்து வெளியே நீளும் ஓர் எஃகுத் தண்டு. சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் பிஸ்டனில் உள்ள சிறு துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு ஓடுகிறது. குதிப்பின் ஆற்றல் அங்கே வெப்பமாக மாறி அடங்கிவிடுகிறது.

நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபர்சன் வகை அமைப்பு. ஏர்ல் மெக்ஃபர்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் வடிவமைத்த இது, 1950-இல் பிரிட்டனின் ஃபோர்டு கன்சல் காரில் இடம்பெற்றது. இதில் அதிர்வடக்கி குதிப்பை அடக்குவதோடு நில்லாமல், சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் நிற்கிறது. எனவே, வண்டி வளைவில் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் தண்டின்மீது பக்கவாட்டில் விசை விழும். அந்த விசையை வாங்கிக்கொள்வது உருளையின் வாயில் பொருத்தப்பட்ட ஒரு 'புஷ்'. தண்டு அதனுள்ளேதான் வாழ்நாள் முழுவதும் உரசியபடி ஏறி இறங்க வேண்டும்.

அப்படி உரசுவதற்காகவே தண்டைப் பல கட்டங்களில் பக்குவப்படுத்துகிறார்கள். நடுத்தர அளவு கரிமம் கொண்ட எஃகுக் கம்பியின் மேற்பரப்பை மின்தூண்டல் முறையில் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்குவார்கள். பிறகு சாணை பிடிப்பார்கள். அதன்மேல் கடினக் குரோமியம் பூசுவார்கள். கடைசியில் கண்ணாடிபோல மெருகேற்றுவார்கள். குரோமியப் பூச்சின் தடிமன் ஏறத்தாழ 20 மைக்ரோன். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோன் இருக்கும். இனி வரும் கதை முழுவதும் தலைமுடியைவிட மெல்லிய உலகில் நடப்பது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தண்டுகளை நாங்கள் செய்வதில்லை. பாலாக்கோங்கில் இருந்த ஒரு சிறு தொழிற்சாலை எங்களுக்குச் செய்து தந்தது. சப்ளையர் என்றால் பெரிய நிறுவனம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு தவ்கே, அவருடைய மகள், நான்கு சாணை இயந்திரங்கள், இரண்டு ஷிஃப்டுகளில் முப்பதுக்கும் குறைவான ஆட்கள். அவ்வளவுதான்.

இரு தரப்பும் சொன்னது உண்மை

எங்கள் உற்பத்தி வரிசையின் முடிவில் ஒரு சோதனை உண்டு. பொருத்தி முடித்த ஒவ்வோர் அதிர்வடக்கியின் தண்டையும் ஓர் இயந்திரம் மெதுவாக அழுத்தி இழுத்து, உராய்வு எவ்வளவு என்று பார்க்கும். ஓர் ஆண்டின் நடுப்பகுதியில் அந்தச் சோதனையில் தோல்விகள் கூடத் தொடங்கின. தோற்றவற்றைப் பிரித்துப் பார்த்தோம். தண்டு புஷ்ஷுக்குள் இறுக்கமாக இருந்தது. அதே தண்டை வேறொரு புஷ்ஷில் போட்டால் சரளமாக ஓடியது. அதே புஷ்ஷில் வேறொரு தண்டைப் போட்டாலும் ஓடியது. தண்டும் குற்றமற்றது, புஷ்ஷும் குற்றமற்றது. ஆனால், இரண்டும் சேர்ந்தால் மட்டும் குற்றம்!

தண்டு பெருத்துவிட்டது என்று நான் முடிவுகட்டினேன். வரைபடத்தின்படி அதன் விட்டம் 19.960 மில்லிமீட்டருக்கும் 19.980 மில்லிமீட்டருக்கும் இடையில் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தேன். எல்லாத் தண்டுகளும் எல்லைக்குள் இருந்தன. புஷ்ஷின் உள்விட்டத்தையும் அளந்தேன். அதுவும் எல்லைக்குள் இருந்தது. இருந்தாலும், கிடங்கிலிருந்த தண்டுகள் அனைத்தையும் திருப்பி அனுப்புவதாகவும், இழப்பீடு கோருவதாகவும் சப்ளையருக்குக் கடிதம் போயிற்று. அதை எழுதியவன் நான்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெட்டித் தண்டுகளோடு பாலாக்கோங் சென்றேன். தவ்கே என்னை உட்காரவைத்து மைலோ வாங்கிக் கொடுத்தார். பிறகு என் பெட்டியிலிருந்தே பத்துத் தண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று இடங்களில் என் கண்ணெதிரே அளந்தார். முப்பது அளவுகளும் எல்லைக்குள். மைக்ரோமீட்டரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் அவர் சொன்னதன் பொருள் இதுதான்: "நீ வரைபடத்தில் கேட்டதை நான் கொடுத்திருக்கிறேன். கேட்காததை எப்படிக் கொடுப்பது?"

அவர் தட்டிக்கழிக்கிறார் என்றே அன்று எனக்குப் பட்டது. எங்கள் கருவிக் கிடங்கிலிருந்து நான் கொண்டுபோன ஒரு 'ரிங் கேஜ்' பையில் இருந்தது. அது துல்லியமான துளை கொண்ட ஓர் எஃகு வளையம். அதன் உள்விட்டம் 19.990 மில்லிமீட்டர். மைக்ரோமீட்டர் 19.980 என்று காட்டிய தண்டு ஒன்றை எடுத்து அதற்குள் நுழைத்தேன். நுழையவில்லை. 10 மைக்ரோன் இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் தண்டு சிக்கி நின்றது. தவ்கே அதை வாங்கித் துடைத்து, எண்ணெய் தடவி, மூன்று முறை முயன்றார். பிறகு மைக்ரோமீட்டரையும் வளையத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கருவிகளும் பொய் சொல்லவில்லை.

விட்டம் வேறு, வட்டம் வேறு

மறுநாள் அந்தத் தண்டுகளில் மூன்றை நம் பல்கலைக்கழக அளவையியல் ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்றேன். அங்கே வட்டத்தன்மையை அளக்கும் இயந்திரம் இருக்கிறது. தண்டை ஒரு மேசையில் நிறுத்திச் சுழற்றும்போது, மெல்லிய ஊசி ஒன்று அதன் மேற்பரப்பைத் தடவிக்கொண்டே போகும். ஊசியின் அசைவைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கித் தாளில் வரைந்து தரும். வந்த படத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. வட்டம் இருக்க வேண்டிய இடத்தில், மூலைகள் மழுங்கிய ஒரு முக்கோணம் இருந்தது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு 12 மைக்ரோன்.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். வட்டத்தை எந்தத் திசையில் அளந்தாலும் விட்டம் ஒன்றே என்று பள்ளியில் படித்தோம். அது உண்மை. ஆனால், அதைத் திருப்பிப் போட்டு, 'எந்தத் திசையில் அளந்தாலும் விட்டம் ஒன்றாக இருந்தால் அது வட்டம்' என்று நாம் நினைத்துக்கொள்கிறோமே, அது உண்மையன்று. எல்லாத் திசைகளிலும் ஒரே அகலம் கொண்ட, ஆனால் வட்டமல்லாத வடிவங்கள் உண்டு. ஒரு சமபக்க முக்கோணத்தை வரைந்து, ஒவ்வொரு மூலையையும் மையமாகக் கொண்டு எதிர்ப்பக்கத்துக்கு ஒரு வில் வரையுங்கள். கிடைக்கும் புடைத்த முக்கோணம் அப்படிப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானியப் பொறியியலாளர் ஃபிரான்ஸ் ருலோவின் பெயரால் அதை அழைக்கிறார்கள்.

கையில் தொட்டுப் பார்க்க வேண்டுமானால், இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய நண்பர் எவரிடமேனும் 50 பென்ஸ் நாணயம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். 1969-இல் வெளிவந்த அந்நாணயத்துக்கு ஏழு மூலைகள். ஆனாலும், எப்படித் திருப்பினாலும் அதன் அகலம் மாறாது. அதனால்தான் நாணயம் போட்டு இயக்கும் இயந்திரங்கள் அதை எளிதில் அடையாளம் கண்டுகொள்கின்றன.

மைக்ரோமீட்டர் ஒரு பொருளை எதிரெதிரான இரண்டு புள்ளிகளில் மட்டுமே தொடுகிறது. எங்கள் தண்டில் ஒவ்வொரு மேட்டுக்கும் நேர் எதிரே ஒரு பள்ளம் இருந்தது. மேடு கூட்டியதைப் பள்ளம் கழித்துவிட்டது. ஆகவே, எங்கே அளந்தாலும் அதே எண்ணே வந்தது. ஆனால், வளையமும் புஷ்ஷும் தண்டை முழுச் சுற்றிலும் தொடுகின்றன. அவற்றுக்கு மூன்று மேடுகளும் ஒரே நேரத்தில் தெரியும். 19.980 மில்லிமீட்டர் விட்டமும் 12 மைக்ரோன் மேடுபள்ளமும் கொண்ட தண்டு நுழைய வேண்டுமானால், துளை குறைந்தது 19.992 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பெரிய எல்லையில் இருந்த தண்டு, சிறிய எல்லையில் இருந்த புஷ்ஷைச் சந்திக்கும்போது மட்டும் இறுகியதற்கும், மாற்றிப் போட்டால் ஓடியதற்கும் காரணம் இதுவே.

இந்த ஏமாற்றத்துக்கு ஆளானவர்கள் நாங்கள் மட்டுமல்லர். 1986-இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறியதை ஆராய்ந்த குழுவில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் இருந்தார். குளிரில் விறைத்துப்போன ரப்பர் வளையமே விபத்துக்குக் காரணம் என்பது பலரும் அறிந்தது. அதே விசாரணையின்போது அவர் வேறொன்றையும் கவனித்தார். உந்துகலத்தின் பெரிய உருளைப் பகுதிகள் வட்டமாக இருக்கின்றனவா என்பதை மூன்று திசைகளில் விட்டத்தை அளந்து முடிவு செய்துவந்தார்கள். மூன்று விட்டங்கள் சமமாக இருப்பதால் மட்டும் அது வட்டமாகிவிடாது என்பதை அவர் சுட்டிக்காட்டிப் பின்னர் எழுதியும் வைத்தார். விபத்துக்கு அது காரணமன்று. ஆயினும், விண்வெளிக்கு ஆளை அனுப்புகிறவர்களும் விட்டத்தை வட்டம் என்று எண்ணியிருக்கிறார்கள் என்று அறிந்தபோது என் வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

சாணை இயந்திரத்தின் முன்னால்

படத்தோடு மீண்டும் பாலாக்கோங் சென்றேன். இம்முறை அலுவலக அறையில் உட்காராமல் நேரே இயந்திரத்துக்குப் போனேன். அந்த இயந்திரத்தை ஓட்டியவர் நம்மவர். ஐம்பதைத் தாண்டியவர், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே இருப்பவர். அவர் அதைச் 'செண்டர்லெஸ்' என்றார். மையமில்லாச் சாணை என்று நாம் சொல்லலாம்.

வழக்கமான சாணையில் பொருளின் இரு முனைகளையும் மையத்தில் பிடித்துக்கொண்டு சுழற்றுவார்கள். இதில் அப்படிப் பிடிப்பதில்லை. ஒரு பக்கம் வேகமாகச் சுழலும் சாணைச் சக்கரம். மறுபக்கம் மெதுவாகச் சுழலும் கட்டுப்பாட்டுச் சக்கரம். நடுவில், அடியில் ஒரு சரிவான தகடு. அதற்குப் பெயர் பிளேடு. தண்டு இந்த மூன்றுக்கும் இடையில் கிடந்து, தானே சுழன்றபடி ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளிவரும். மிக விரைவான முறை. ஆனால், தண்டு எந்த மையத்தையும் பற்றிக்கொண்டு சுழல்வதில்லை. அதன் மேற்பரப்பே அதற்கு ஆதாரம். அந்த மேற்பரப்பில் ஏற்கெனவே ஒரு மேடு இருந்தால், அது கட்டுப்பாட்டுச் சக்கரத்தைத் தொடும் கணத்தில் தண்டு சாணைப் பக்கம் தள்ளப்பட்டு, எதிர்ப்புறத்தில் ஒரு பள்ளம் விழும். இப்படியே மேட்டுக்கு எதிர்ப் பள்ளமாக வடிவம் நிலைத்துவிடும்.

இதைத் தடுப்பது பிளேடின் உயரம். இரு சக்கரங்களின் மையங்களையும் இணைக்கும் கோட்டுக்குச் சற்று மேலே தண்டின் மையம் இருக்குமாறு உயர்த்தி வைத்தால், மேடும் பள்ளமும் நேருக்கு நேர் அமையாமல் கலைந்து, தண்டு படிப்படியாக வட்டமாகும். சிறிய தண்டுகளுக்கு விட்டத்தில் ஏறத்தாழப் பாதி உயரம் என்பது பட்டறைகளில் வழங்கும் தொடக்கக் கணக்கு. உயரம் குறைந்தால் மூன்று மேடு விழும். மிகவும் கூடினாலோ தண்டு துள்ளி, நீளவாக்கில் மெல்லிய அதிர்வுக் கோடுகள் விழும்.

"அண்ணே, பிளேடு எப்பவும் இதே உயரத்துலதான் இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னைக் கொஞ்சம் வியப்போடு பார்த்தார். "இல்ல தம்பி. மார்ச் மாசம் உங்க கம்பெனியிலிருந்து கடுதாசி வந்துச்சே, தண்டுல கோடு கோடா இருக்குன்னு. படமெல்லாம் போட்டு அனுப்பியிருந்தீங்க. அதான் பிளேட்டக் கொஞ்சம் எறக்கி வச்சேன். கோடு போயிருச்சு. நீங்களும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டீங்களே?"

ஆம், சொல்லியிருந்தேன். அந்தக் கடிதத்தையும் எழுதியவன் நான்தான். கோடுகளை உடனே நீக்கும்படி கேட்டிருந்தேன். எடுத்த நடவடிக்கை என்ன என்ற கட்டத்தில் 'இயந்திரம் சரிசெய்யப்பட்டது' என்று சப்ளையர் நிரப்பி அனுப்பிய படிவத்தில், எதைச் சரிசெய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்திட்டுக் கோப்பை மூடியவனும் நானே. கண்ணுக்குத் தெரிந்த குறையை நீக்கச் சொன்னேன். அவர் நீக்கினார். அதற்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத குறை வந்து சேர்ந்தது.

வரைபடம் சொல்லாமல் விட்டது

அலுவலகம் திரும்பியதும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறியாகத் தேடினேன். விட்டம் இருந்தது, நீளம் இருந்தது, பூச்சின் தடிமன், கடினம், மேற்பரப்பின் மென்மை எல்லாம் இருந்தன. வட்டத்தன்மைக்குரிய குறி மட்டும் இல்லை. அந்தக் குறி வேறொன்றுமில்லை, ஒரு சிறு வட்டம்தான்.

இந்த இடத்தில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உள்ளது. அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.5 நியதியின்படி வரைந்தால், விட்டத்தின் எல்லையே வடிவத்தையும் கட்டுப்படுத்தும். பெரிய எல்லை அளவுள்ள ஒரு முழுமையான உருளைக்குள் பொருள் அடங்கியாக வேண்டும். ஐ.எஸ்.ஓ. 8015 நியதியோ அளவு வேறு, வடிவம் வேறு என்று பிரித்துவிடுகிறது. அங்கே விட்டத்தின் எல்லை என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட அளவை மட்டுமே கட்டுப்படுத்தும். வட்டமாக இருக்க வேண்டுமானால் அதைத் தனியே எழுத வேண்டும். எங்கள் வரைபடம் ஐ.எஸ்.ஓ. முறையைச் சேர்ந்தது. அப்படியானால் தவ்கே சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. நாங்கள் வட்டத்தைக் கேட்கவே இல்லை.

அப்படியானால் இத்தனை ஆண்டுகள் சிக்கல் வராதது எப்படி? விசாரித்தபோது தெரிந்தது. எங்களுக்கு முன்பு தண்டு செய்து தந்த சப்ளையர் தம் வழக்கப்படி வட்டத்தன்மையைச் சோதித்த பிறகே அனுப்பிவந்தார். அவர் தொழிலை விட்டபோது அந்த வழக்கமும் அவரோடு போயிற்று. புதியவரிடம் நாங்கள் கொடுத்தது வரைபடத்தை மட்டும்தான். முதல் மாதிரிக்கு ஒப்புதல் தரும்போது வாகனத் தொழிலில் 18 வகை ஆவணங்களைக் கேட்பது முறை. அந்தக் கோப்பு எங்களிடம் தடிமனாக இருந்தது. எல்லா ஆவணங்களும் வரைபடத்தில் உள்ளதையே பார்த்தன. வரைபடத்தில் இல்லாததை எதுவும் பார்க்கவில்லை.

இதற்கெல்லாம் நூறாண்டுக்கு முன்பே ஒருவர் வழி சொல்லியிருக்கிறார். 1905-இல் வில்லியம் டெய்லர் என்னும் ஆங்கிலேயர் ஓர் அளவீட்டுக் கோட்பாட்டை வகுத்தார். 'நுழைய வேண்டும்' என்று சோதிக்கும் கருவி பொருளின் முழு வடிவத்தையும் ஒருசேரச் சோதிக்க வேண்டும். 'நுழையக்கூடாது' என்று சோதிக்கும் கருவி ஒவ்வோர் அளவையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பதே அது. இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் இதைப் படித்துத் தேர்விலும் எழுதினேன். வளையத்துக்குள் தண்டு சிக்கி நின்ற அன்று எனக்கு அது நினைவுக்கு வரவே இல்லை.

எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெறுவது அடுத்த வேலை. அது எளிதாக இருக்கவில்லை. இழப்பீடு முழுவதையும் சப்ளையர் தலையில் கட்டியிருந்தால், அவர் எங்கள் வேலையை விட்டிருப்பார். அல்லது இரவு ஷிஃப்டை மூடியிருப்பார். மறுபக்கம், தவறு எங்கள் வரைபடத்திலும் என் கையெழுத்திலும் இருக்கிறது என்று மேலாளரிடம் சொன்னால், என் வேலை உறுதியாகும் நேரத்தில் அது எப்படி முடியும் என்று தெரியாது. ஒரு வார இறுதி முழுவதும் யோசித்தேன். திங்கட்கிழமை காலை மூன்று படங்களையும் மார்ச் மாதப் படிவத்தையும் மேலாளரின் மேசையில் வைத்தேன். அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, "படத்தில் அந்தக் குறியைச் சேர்த்துவிட்டு வா, மற்றதைப் பிறகு பேசலாம்" என்றார். தண்டுகளைச் சோதித்துத் தேறியவற்றை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். தேறாதவற்றின் செலவை இரு தரப்பும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டோம். அவ்வாண்டு என் சம்பள உயர்வு குறைவாகவே வந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று நான் கேட்கவில்லை.

மாற்றியமைத்தவை

பிறகு இரு தரப்பும் சேர்ந்து செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவதாக, வரைபடத்தில் வட்டத்தன்மைக்கு 5 மைக்ரோன் எல்லை எழுதினோம். எழுதுவதற்கு முன்பு அதைச் செய்ய முடியுமா என்று சாணை ஓட்டும் அண்ணனிடமே கேட்டோம். மாதிரி ஓட்டிப் பார்த்துவிட்டு முடியும் என்றார்.

இரண்டாவதாக, பிளேடைப் பழைய உயரத்துக்குக் கொண்டுபோனோம். எதிர்பார்த்தபடி கோடுகள் திரும்ப வந்தன. அவற்றின் உண்மையான காரணம் சாணைச் சக்கரத்தில் இருந்தது. சக்கரத்தின் சமநிலையைச் சரிசெய்து, அதன் முகத்தை வைரமுனையால் புதுப்பிக்கும் இடைவெளியைக் குறைத்ததும் கோடுகள் மறைந்தன. மார்ச் மாதத்தில் 'எப்படி நீக்கினீர்கள்' என்று நான் கேட்டிருந்தால், அன்றே இங்கு வந்திருப்போம்.

மூன்றாவதாக, விலை மலிவான ஒரு சோதனை. வட்டத்தன்மை இயந்திரம் வாங்கத் தவ்கேயிடம் பணமில்லை. ஆகவே, அவருடைய பட்டறையிலேயே 60 பாகைக் கோணத்தில் 'வி' வடிவப் பள்ளம் கொண்ட ஒரு எஃகுக் கட்டையைச் செய்தார்கள். தண்டை அதில் கிடத்தி, மேலே டயல் கேஜை நிறுத்திக் கையால் உருட்ட வேண்டும். பள்ளத்தின் இரு சுவர்களும் மேலே உள்ள முள்ளும் தண்டை 120 பாகை இடைவெளியில் மூன்று இடங்களில் தொடும். மூன்று மேடுகளும் ஒரே நேரத்தில் அம்மூன்று இடங்களுக்கும் வரும்போது முள் ஏறும். மூன்று பள்ளங்களும் வரும்போது இறங்கும். கணக்கிட்டால், உண்மையான மேடுபள்ளத்தைவிட மூன்று மடங்கு அசைவு தெரியும். மைக்ரோமீட்டர் மறைத்த 12 மைக்ரோனை இந்தக் கட்டை 36 ஆக்கிக் காட்டியது.

ஆனால், இந்தக் கட்டைக்கும் குருட்டுப்புள்ளி உண்டு. ஐந்து மேடுகள் கொண்ட தண்டு 60 பாகைப் பள்ளத்தில் உருளும்போது ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டு முள் அசையாமல் நிற்கும். ஆகவே, இயந்திரத்தை மாற்றி அமைக்கும் ஒவ்வொரு முறையும் சில மாதிரிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது என்றும் முடிவு செய்தோம். எதையும் காட்டிவிடும் கருவி என்று ஒன்றில்லை. ஒவ்வொரு கருவிக்கும் அது எதைப் பார்க்காது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நான்காவதாக, படிவத்தை மாற்றினோம். 'சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுத இப்போது இடமில்லை. எதை, எவ்வளவு, எந்தத் திசையில் மாற்றினீர்கள். அதனால் வேறு எது மாறக்கூடும் என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்தோம். இரண்டாம் கேள்விக்குப் பெரும்பாலும் சிறந்த பதில் இயந்திரம் ஓட்டுபவரிடமிருந்தே வருகிறது.

தம்பி தங்கைகளுக்கு

படித்தது வேலையில் உதவுமா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். டெய்லரின் கோட்பாட்டை நான் படித்திருந்தேன். மையமில்லாச் சாணையில் ஒற்றைப்படையில் மேடுகள் விழும் என்பதும் பாடநூலில் இருந்தது. பாடம் என்னைக் கைவிடவில்லை; நான்தான் அதைத் தேர்வு மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பாலாக்கோங்கில் அந்த இயந்திரத்தின் முன்னால் நின்றபோதுதான் அது எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஆகவே, வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே உங்கள் சப்ளையரின் தொழிற்சாலைக்குச் செல்லுங்கள். குறை கண்டுபிடிக்கப் போகாதீர்கள். பொருள் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கப் போங்கள். மின்னஞ்சலிலும் படிவத்திலும் பிளேடின் உயரம் தெரியாது.

நம் வீடுகளில் பலருடைய தாத்தாவும் அப்பாவும் தோட்டத்திலும் பட்டறையிலும் கையால் உழைத்தவர்கள். அப்படிப்பட்ட ஒருவர் இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் நிற்க, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம் இந்தப் பக்கம் நிற்கும் காலம் வந்திருக்கிறது. நாம் எழுதுவதை அவர் அப்படியே நம்பிச் செய்கிறார். கோடு வேண்டாம் என்றால் கோட்டை எடுத்துவிடுகிறார். எனவே, எழுதும் கைக்குப் பொறுப்பு கூடுகிறது.

தமிழில் விட்டத்துக்கும் வட்டத்துக்கும் ஓர் எழுத்தில்தான் வேறுபாடு. அந்த ஓர் எழுத்தைக் கேட்க மறந்ததற்குப் பெட்டி பெட்டியாகத் தண்டுகளும் ஒரு நல்ல மனிதரோடு கசப்பும் விலையாயிற்று. கசப்பு பிறகு தீர்ந்தது. சீனப் பெருநாளுக்கு இப்போதும் தவ்கேயின் வீட்டுக்குப் போய்வருகிறேன். அந்த 60 பாகைக் கட்டை அவருடைய சோதனை மேசையில் இருக்கிறது. புதிதாக வரும் இளம் பொறியியலாளர்களிடம் ஒரு தண்டையும் மைக்ரோமீட்டரையும் அந்தக் கட்டையையும் கொடுத்து, எது சரி என்று கேட்பது அவர் வழக்கம். உங்களில் யாரேனும் ஒருநாள் அங்கே போக நேர்ந்தால், அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள்.